கக்கூஸ் கூரையில் துரு

செப்டம்பர் 14, ஞாயிறு

இந்த நோட்டு எனக்காக வாங்கியதில்லை. துரை அம்மாவுக்குக் கொடுத்தது. அம்மா முதல் பக்கத்திலேயே மையைக் கொட்டிவிட்டு வேறு நோட்டு வாங்கிக்கொண்டாள். முத்திரை குத்திய நோட்டை வீணாக்கக் கூடாது என்றாள். அதனால் வீணாக்குவதற்கு நான் எடுத்துக்கொண்டேன்.

துரை என்றால் எஸ்டேட் துரை இல்லை. டாக்டர் கோமதிநாயகம். ஊசி போடுகிற டாக்டரும் இல்லை, செடிக்கு நோய் கொடுக்கிற டாக்டர். கொண்டுவந்திருக்கும் நோயின் பேர் துரு. ஆளும் ஓர் இடத்தில் நிற்காமல் துருதுருவென்று அலைகிறார். ஆகவே துரு துரை. பேர் வைத்தவள் தெபோராள், அதாவது நான், பிளஸ் ஒன், உயிரியல் குரூப், இந்த டிவிஷனிலேயே அதிக முறை முட்டி போட வைக்கப்பட்டவள்.

விஷயம் இதுதான். பதினேழாம் நம்பர் தேயிலைக் காட்டின் ஓரமெல்லாம் ஒரு கொடி. தேயிலை மேல் ஏறிப் போர்வை மாதிரி மூடி, வெயிலை மறைத்துச் சாகடிக்கும். எங்கள் ஆட்களுக்கு அது வெறும் கொடி. துரைக்கு மிகானியா. பேரிலேயே 'மிக' இருக்கிறது, அப்புறம் எப்படி அளவோடு வளரும்? வெளிநாட்டிலிருந்து வந்த கொடியாம். அதன் சொந்த ஊரில் அதை மட்டும் பிடிக்கிற ஒரு பூஞ்சை உண்டாம். இலையில் துரு பிடித்த மாதிரி புள்ளி போட்டு, தண்டை வீங்க வைத்து, கொடியை ஒடுக்கிவிடுமாம். தேயிலையைத் தொடாதாம். அதைப் பல வருஷம் கண்ணாடிக் கூண்டில் சோதித்து, அனுமதி வாங்கி, நோய் பிடித்த கொடியைப் பன்னிரண்டு தொட்டியில் ஜீப்பில் ஏற்றி வந்திருக்கிறார். தொட்டிக் கொடியிலிருந்து நோய் காட்டுக் கொடிக்கு நடந்து போக வேண்டும்.

களையை ஒழிக்கக் களையையே தொட்டியில் வைத்துத் தூக்கி வருகிற ஆளை இந்த எஸ்டேட் இப்போதுதான் பார்க்கிறது.

போன வருஷம் கொழுந்து மூட்டையோடு சரிவில் விழுந்ததிலிருந்து அம்மாவுக்கு வலது தோள் மேலே எழும்பாது. கொழுந்து எடுக்காதவளுக்கு எஸ்டேட்டின் லைன் வீடு எதற்கு என்று ஆபீசில் பேச்சு கிளம்பிய நேரத்தில்தான் துரை வந்தார். கொடியைக் கவனித்துப் பதிவேட்டில் எழுத உள்ளூர் ஆள் ஒன்று வேண்டும் என்றார். மேனேஜர் அம்மாவை அவர் பக்கம் தள்ளிவிட்டார். ஆராய்ச்சி நடக்கிறவரை வீடு எங்களுக்கு. நவம்பர் கடைசிக்குள் காட்டுக் கொடியில் துரு ஏறியதை அனுமதி கொடுத்த கமிட்டி தன் கண்ணால் பார்க்காவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள். நாங்களும் மூட்டை கட்டிக்கொண்டு திருப்பூர் போக வேண்டும். அங்கே அப்பா நாலு பேரோடு ஓர் அறையில் இருக்கிறார்.

திருப்பூரில் தியேட்டர் இருக்கிறது. எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அம்மாவுக்குக் கழுத்தில் தொங்க ஓர் அடையாள அட்டை கொடுத்திருக்கிறார்கள். துரைக்குக் காலில் தொங்க நாலு அட்டை. முதல் நாளே சாக்ஸுக்குள் ஏறிவிட்டது. அட்டையை உதிர்க்கும் உப்புப் பையை நான் கொடுக்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

துரை வியாழக்கிழமைதோறும் வருவார். இன்று அம்மாவுக்குப் பாடம். நான் தேயிலை நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

"சகாயமேரி அம்மா, மூணு விஷயம். ஒண்ணு, இந்தக் கயிறுக்குள்ள இருக்கிற கொடிய யாரும் புடுங்கக் கூடாது. கொடி உயிரோட இருந்தாத்தான் துருவும் உயிரோட இருக்கும். ரெண்டு, ஒரு இலைகூட வெளிய போகக் கூடாது. அனுமதி இந்த இடத்துக்கு மட்டுந்தான். மூணு, பாத்தத மட்டும் எழுதுங்க. எனக்குச் சந்தோஷமா இருக்கணும்னு எழுதாதீங்க."

அம்மா மூன்றுக்கும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டாள். கயிறு கட்டிய இடத்தில் துரை ஒரு போர்டு நட்டார். இங்கிலீஷில். இங்கிலீஷ் படித்த மாடுகள் இனி அந்தப் பக்கம் வராது.

சாயங்காலம் லைன் முழுக்கச் சிரிப்பு. பக்கத்து வீட்டு ராக்கம்மா பெரியம்மா குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, "ஏ சகாயம், முப்பது வருஷம் களை புடுங்குனோம். நீ இப்பம் களைக்குத் தாலாட்டுப் பாடுதியாமே" என்றாள்.

"அது மருந்துக்கா. கொடிக்கு மருந்து."

"மருந்து குடுத்தா அது நல்லா வளருமே."

குழாயடி குலுங்கியது. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அவளுக்குச் சூடும் கிடையாது, சுரணையும் கிடையாது.

செப்டம்பர் 26, வெள்ளி

மழை. தொட்டிக் கொடிகளுக்கு நோய் முற்றிவிட்டது என்று அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. மகளுக்கு ரெண்டு நாளாய்ச் சளி. அதைக் குறித்துக்கொள்ள ஆளில்லை.

அக்டோபர் 4, சனி

அம்மா சாப்பிடப் போன நேரத்தில் தொட்டியிலிருந்து ஒரு துண்டு கிள்ளினேன். வேரோடு, ஒரு சாண். இலைக்கு அடியில் பழுப்புக் கொப்புளம், தொட்டால் சொரசொரப்பு. பார்க்கவே அருவருப்பு, ஆகவே அருமை. பாதியாய் வெட்டிய தண்ணீர் பாட்டிலில் வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை தாவரவியல் லிவிங்ஸ்டன் சார் மேஜையில் வைத்து, "சார், பள்ளிக்கூடத்து ரோஜாவுக்கெல்லாம் இந்த நோய் வந்திருக்கு" என்று சொல்லப் போகிறேன். ரோஜா அவருடைய உயிர். உயிரியல் என்றால் இதுதானே.

அக்டோபர் 6, திங்கள்

படுதோல்வி. சார் இலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "சேறு பட்டிருக்கு, கழுவி வை" என்றார். தாவரவியல் சார். செடியைப் புத்தகத்தில் மட்டும் பார்த்தவர்.

பாட்டிலை வீட்டுக்குள் வைத்தால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். தொட்டியில் திருப்பி வைக்கவும் நேரம் அமையவில்லை. நாலு வீட்டுக்கும் பொதுவான கக்கூஸ் கூரை மேல் தூக்கி வைத்துவிட்டேன். அங்கே ஏற்கெனவே காட்டுக் கொடி மண்டிக் கிடக்கிறது. திருடனை ஒளிக்கத் திருடர் கூட்டம்தான் சரி.

அக்டோபர் 23, வியாழன்

காட்டுக் கொடியில் ஒரு புள்ளியும் இல்லை. துரை முழங்கால் சேற்றில் ஊன்றி லென்ஸ் வைத்துத் தேடுகிறார். அம்மா பக்கத்தில் குடை பிடிக்கிறாள். இடது கையால்.

"வரும் சார்" என்கிறாள்.

"வரணும்மா" என்கிறார்.

ரெண்டு பேரும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி ஒரு நோய்க்குக் காத்திருக்கிறார்கள். கமிட்டி வருவது நவம்பர் 26 என்று கடிதம் வந்துவிட்டது.

நவம்பர் 4, செவ்வாய்

நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மா ரோட்டில் எதிரே ஓடி வந்தாள். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"ஏட்டி, வந்துட்டு. நம்ம கொடியில இல்ல, காட்டுக் கொடியில. மூணு இலை. நாலாவது இலையில சந்தேகம், அத எழுதல."

இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். குண்டூசித் தலை அளவுக்குப் பழுப்பு. இதற்கு இவ்வளவு ஓட்டம். அவள் ஓடி நான் பார்த்தது சரிவில் விழுந்ததற்கு அப்புறம் இன்றுதான். தோள் வலிக்காதா என்றேன். எந்தத் தோள் என்றாள்.

காப்பி போட்டுக் கொடுத்தேன். வீட்டில் சீனி அதிகமாக இருந்தது, அதனால் ரெண்டு ஸ்பூன் கூடப் போட்டேன்.

நவம்பர் 8, சனி

சூப்பர்வைசர் தங்கப்பனைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்ததில்லை. அவ்வளவு தகுதி கிடையாது. மேலதிகாரி வந்தால் வளைவார், போனதும் மற்றவர்களை வளைப்பார். முதுகெலும்பு ரப்பர்.

இன்று காலை ஆபீஸ் முன்னால் பேர் கூப்பிடுகிற இடத்தில், நாற்பது பேர் நடுவில் சொன்னார்.

"சகாயம், உன் காடுதான் இந்த எஸ்டேட்டுக்கே அசிங்கம். பெரிய தொரை மட்டும் இதப் பாத்தாருன்னு வை, கொடியோட சேத்து உன்னையும் புடுங்கி எறிஞ்சிருவாரு."

அம்மா கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெண்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. ராக்கம்மா பெரியம்மா காறித் துப்பினாள். எதற்கு என்று தெரியவில்லை.

தலைமை அலுவலகத்துப் பெரிய துரை வர வேண்டும், அவ்வளவுதானே? வரவழைக்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

அம்மா தோள் வைத்தியத்துக்குப் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். சித்தி வீட்டில் தங்கி, புதன் இரவு வருவாள்.

டவுன் கம்ப்யூட்டர் கடையில் ஒரு தாள் அடித்தேன். "12.11.2025 புதன் காலை, தலைமை அலுவலகப் பெரிய அதிகாரி நமது டிவிஷனைப் பார்வையிடுகிறார். பதினேழாம் நம்பர் காடு முக்கியமாகப் பார்க்கப்படும்." கீழே யாருக்கும் புரியாத கையெழுத்து ஒன்று. புரியாததுதான் பெரிய அதிகாரி கையெழுத்து. ஆபீஸ் சுவரில் ஒட்டியாயிற்று.

நவம்பர் 10, திங்கள்

தங்கப்பன் பேண்ட்டுக்கு இஸ்திரி போடுகிற வாசனை டிவிஷன் முழுக்க. ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு. விசிட் என்றால் இங்கே கல் வெள்ளையாகும், புல் காணாமல் போகும். ரோட்டிலிருந்து கண்ணுக்குத் தெரிகிறதெல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். காலங்காலமாக அப்படித்தான். தங்கப்பன் கல்லுக்குக் கல் ஓடுகிறார். கைதட்ட முடியாமல் கை அரிக்கிறது.

நவம்பர் 12, புதன்

காலை ஆறரையிலிருந்து மாலை நாலு வரை தங்கப்பன் கையில் பூச்செண்டோடு ரோட்டில் நின்றார். வந்தது பால் வண்டி மட்டும். அதற்கும் ஒரு சல்யூட். என் வாழ்நாள் சாதனை இதுதான்.

நவம்பர் 13, வியாழன்

பள்ளிக்கூடம் போகவில்லை. துரை வரும் நாள் என்பதால் அம்மா விடிந்ததும் கிளம்பினாள். கைப்பையை நான் தூக்கிக்கொண்டு போனேன்.

கயிறுக்குள் ஒன்றுமே இல்லை.

மண். நன்றாகக் கொத்திப் புரட்டிய, ஒரு வேர்கூட இல்லாத, சிவப்பு மண். எங்கள் ஆட்கள் களை எடுத்தால் அப்படித்தான் எடுப்பார்கள். ஓரத்தில் பன்னிரண்டு தொட்டியும் வரிசையாக, கழுவி, சுண்ணாம்பு அடித்து. ஒவ்வொன்றிலும் ஒரு செவ்வந்திச் செடி. போர்டையும் துடைத்திருந்தார்கள்.

அம்மா தொட்டிகளை எண்ணினாள். பிறகு மறுபடி எண்ணினாள்.

ராக்கம்மா பெரியம்மா கொழுந்துப் பையோடு சரிவில் இறங்கி வந்தாள். முகம் நிறையச் சிரிப்பு. "என்ன சகாயம், எப்படி இருக்கு? நீ ஊர்ல இல்லாத நேரம் பாத்து விசிட்டு. அந்த ரப்பர் பய சொன்ன மாதிரி உனக்கு ஒரு மானக்கேடு வந்திரக் கூடாதுல்லா. ரெண்டு சாயங்காலம், பதினாலு பேரு, மழையோட மழையா நின்னு எடுத்தோம். எல்லாத்தையும் குழியில போட்டு மூடியாச்சு. செவ்வந்தி எங்க வீட்டுது."

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருக்குக்கா" என்றாள்.

"தொடாதீங்கன்னு நீ சொன்னதானே, தெரியும். விசிட்டு நாளுக்கு அதெல்லாம் செல்லாதுட்டி."

அவள் போன பிறகுதான் அம்மா உட்கார்ந்தாள். துரை பத்து மணிக்கு வந்தார். குழியைத் தோண்டச் சொல்லிப் பார்த்தார். எல்லாம் கறுத்து அழுகிப்போயிருந்தது. "லேப்ல வேற செடி இருக்கும்மா. ஆனா காட்டுக் கொடில திரும்ப ஏற ரெண்டு மாசம் ஆகும். போட்டோவ அவங்க ஒத்துக்க மாட்டாங்க" என்றார். கமிட்டிக்குப் பதின்மூன்று நாள் இருக்கிறது. அதுவரை விருந்தினர் விடுதியில் தங்கித் தேடப் போகிறாராம்.

அம்மா பதிவேட்டைத் திறந்து எழுதினாள். "கொடி இல்லை. துரு இல்லை. காரணம்: பெண்கள் நல்ல எண்ணத்தில் பறித்தார்கள்."

தாளை ஒட்டியது யார் என்று தங்கப்பன் விசாரிக்கிறார். விசாரிக்கட்டும்.

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். மிட்டாய் கொடுத்தார்கள். வாங்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் கக்கூஸ் வாசலில் வாளியோடு நின்றிருந்தபோது மேலே பார்த்தேன். கூரையிலிருந்து தொங்குகிற கொடி சுருண்டிருந்தது. தண்டு வீங்கி, பழுப்பாக. பாட்டில் துண்டு இல்லை, அது எப்போதோ காய்ந்துவிட்டது. இது காட்டுக் கொடி. கூரை முழுக்க, பின்பக்கச் சுவர் வரைக்கும், இலைக்கு இலை துரு.

ஒரு இலைகூட வெளியே போகக் கூடாது என்று கையெழுத்துப் போட்டவள் அம்மா.

சொன்னால் அம்மா பேர் கெடும். சொல்லாவிட்டால் அம்மா வீடு போகும். திருப்பூரில் தியேட்டர் இருக்கிறது. தியேட்டரைக் கொளுத்த.

நவம்பர் 17, திங்கள்

அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்திருக்கிறாள். அவிழ்த்துவிட்டேன். திரும்பக் கட்டினாள்.

நவம்பர் 18, செவ்வாய்

வெறும் மண்ணில் துரை இன்னும் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அம்மா.

"சார், துரு இருக்கு" என்றேன்.

"எங்கே?"

"எங்க கக்கூஸ் மேல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "இன்னைக்கு வேண்டாம்மா" என்றார். கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் சேர்த்து வைத்த பேர் அப்படி.

அம்மாதான் எழுந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நடந்தாள். துரையும் பின்னால் வந்தார்.

கக்கூஸ் ஓரத்துத் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து அதன் மேல் ஏறிக் கூரைக் கொடியைத் திருப்பினார். உள்ளே இருந்து ராக்கம்மா பெரியம்மா குரல்.

"எவம்ல அது மேல?"

"ஆபீசரு வந்திருக்காருக்கா. நீ மெதுவா வா" என்றாள் அம்மா.

"ஆபீசருக்குப் பாக்க வேற எடம் இல்லியா?"

துரைக்கு அது காதில் விழவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தார், கழற்றினார், மறுபடி வைத்தார். "காம்பு, தண்டு, எல்லாத்துலயும் ஏறியிருக்கு. தானாப் பரவியிருக்கு. குளிக்கிற தண்ணி ஈரம், நிழல், எளந்தளிரு. நான் எதிர்பாத்ததவிட நல்லா" என்று தனக்குத்தானே பேசினார். பிறகு கீழே பார்த்தார். "இங்க எப்படி வந்துச்சு?"

சொன்னேன். கிள்ளியது, பாட்டில், லிவிங்ஸ்டன் சார், கூரை. வாய் திறந்த வேகத்தில் மற்றதும் வந்துவிட்டது. தாளை ஒட்டினது நான்தான். விசிட் கிடையாது. தங்கப்பனைத் தெருவில் நிறுத்தத்தான் அதைச் செய்தேன்.

கக்கூஸ் கதவு திறந்தது. ராக்கம்மா பெரியம்மா வாளியோடு நின்றாள்.

"அப்பம் விசிட்டே கெடையாதா?"

"இல்ல பெரியம்மா."

"ரெண்டு சாயங்காலம் மழையில குனிஞ்சு நின்னோம்டி."

வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் திருப்பிச் சொல்ல நாலு வார்த்தை வைத்திருந்தேன். நாலும் இன்னும் வாயிலேயே இருக்கிறது.

துரை டிரம்மிலிருந்து இறங்கி வெகுநேரம் லென்ஸைத் துடைத்தார். "சகாயமேரி அம்மா, காத்துல பரவுச்சுன்னு எழுதிக்கலாம். பொய்யுன்னும் சொல்ல முடியாது. காத்துல பரவுறதுதானே இது" என்றார்.

எனக்கு அவரை முதல் தடவையாகப் பிடித்தது. சரியாக அரை நிமிஷம்.

"காத்து பதினேழாம் நம்பர்லருந்து கெளம்பி, வழியில ஒரு கொடியையும் தொடாம, நேரா எங்க கக்கூசுக்கு வந்துச்சாக்கும்" என்றாள் அம்மா. "பேனா குடுங்க சார்."

நவம்பர் 26, புதன்

கமிட்டி வந்தது. ஐந்து பேர். தலைவர் ஒரு மேடம், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். சுண்ணாம்பு அடித்த தொட்டிகளையும் செவ்வந்தியையும் பார்த்தார்கள். பிறகு படித்த ஐந்து பேரும் வரிசையாகக் கக்கூஸ் பின்னால் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். இதைவிடப் பெரிய குறும்பு நான் இன்னொரு பிறவி எடுத்தாலும் செய்ய முடியாது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேடம் பதிவேட்டைப் புரட்டினார். "இது யார் எழுதினது?"

"நான்தாங்க."

"'என் மகள் தெபோராள் அனுமதி இல்லாமல் எடுத்து வந்து இங்கே வைத்தாள். நான் கவனிக்கத் தவறினேன்.' இத நீங்களே எழுதியிருக்கீங்க. உங்க வேலைக்கே வினையாகும்னு தெரியுமா?"

"தெரியுங்க."

"அப்புறம் ஏன்?"

"பாத்தத மட்டும் எழுதுங்கன்னு சார் சொன்னாருங்க."

மேடம் முந்தைய பக்கங்களைப் புரட்டினார். நவம்பர் நாலாம் தேதிப் பக்கத்தில் நின்றார். "நாலாவது இலையில் சந்தேகம். சேர்க்கவில்லை" என்று வாய்விட்டுப் படித்தார். அந்தப் பக்கத்தைப் பக்கத்தில் நின்றவரிடம் நீட்டினார். ஐந்து பேரும் படித்தார்கள்.

துரைக்கு ஒரு மெமோ. ஒரு துண்டு வெளியே போனதற்கு. தங்கப்பன் வந்தவர்களுக்குக் குடை பிடித்தார், ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் பிடிக்க முயன்று யாருக்கும் பிடிக்கவில்லை. கடைசியில் மேடம் சொன்னார், அடுத்த மழைக்காலம் முடிகிறவரை நீட்டிப்பு. கக்கூஸ் கூரை இரண்டாவது ஆய்வு இடம். பதிவேடு இந்தம்மா கையிலேயே இருக்கட்டும்.

அம்மா சாக்கை அவிழ்த்தாள். இந்தத் தடவை நான் உதவவில்லை. வேடிக்கை பார்த்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

அம்மா தண்டனையை அறிவித்துவிட்டாள். பதினாலு பெண்கள் வீட்டுக்கும் போய், வாசலில் நின்று, என் வாயாலேயே நடந்ததைச் சொல்ல வேண்டும். முடித்தாயிற்று. பதின்மூன்று வீட்டில் காப்பி கொடுத்தார்கள். அதுதான் தாங்கவில்லை. ராக்கம்மா பெரியம்மா மட்டும் கதவைத் திறக்கவில்லை. மூடிய கதவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

புதிய போர்டும் நான்தான் எழுதினேன். தமிழில். "இந்தக் கொடியை யாரும் பறிக்காதீர்கள். எந்தத் துரை வந்தாலும்."

இது போக, தினமும் காலை ஆறு மணிக்கு டிரம் மேல் ஏறி, அம்மா அடையாளம் கட்டிய பத்து இலைகளில் புள்ளிகளை எண்ண வேண்டும். அம்மாவால் கையை அவ்வளவு உயரம் தூக்க முடியாதாம். மூக்கைப் பொத்திக்கொண்டு லென்ஸ் பிடிக்க எனக்கு மூன்று கை வேண்டும். உலகத்திலேயே கக்கூஸ் கூரைக்கு வேலைக்குப் போகிற விஞ்ஞானம் இது ஒன்றுதான்.

இன்று எண்ணி முடிக்கிற நேரத்தில் கீழே வாளிச் சத்தம். ராக்கம்மா பெரியம்மா. பன்னிரண்டு நாளாக அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கதவில் கையை வைத்தபடி நின்றாள்.

"எத்தன ஆச்சு?"

"நூத்திப் பதினாலு, பெரியம்மா."

"ஒழுங்கா எண்ணுனியா?"

கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதல் இலையிலிருந்து மறுபடி எண்ணினேன். நூற்றுப் பதினாறு. ஒன்றில் சந்தேகம். அதைச் சேர்க்கவில்லை.